காந்தியைச் ‘சாமி’ என்று அழைத்த கோச்சு வண்டி

பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலில் பேருந்துக்கு டிக்கெட் வாங்கினால் அதில் இருக்கை எண் இருக்கும். அந்த இடம் நமக்குரியது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் டிக்கெட்டைக் காட்டினால் போதும். முணுமுணுத்துக்கொண்டாவது எழுந்துவிடுவார்.

1893ஆம் ஆண்டு ஜூன் மாதம், தென்னாப்பிரிக்காவில் 23 வயது வழக்கறிஞர் ஒருவர் கையிலும் அப்படி ஒரு டிக்கெட் இருந்தது. முழுக் கட்டணம் செலுத்திய டிக்கெட். அந்த நாட்டில் கால் வைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தால் அதிகம். ஊர் தெரியாது, வழி தெரியாது, அங்கே யார் எங்கே உட்காரலாம் என்ற கணக்கும் தெரியாது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதை தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். 1982இல் வெளிவந்த ரிச்சர்ட் அட்டன்பரோவின் திரைப்படம் அந்தக் காட்சியை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அவருடைய பயணம் அந்த நிலையத்தோடு முடியவில்லை. ரயிலை அடுத்து, குதிரைகள் இழுக்கும் கோச்சு வண்டியில் இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்து நெடுந்தூரப் பேருந்து அதுதான். ரயிலில் அவரைத் தள்ளினார்கள், கோச்சில் அடித்தார்கள். அடிப்பதற்கு முன் அவரை அழைத்த பெயர், நம் வீடுகளில் புழங்கும் ஒரு சொல்.

ரயில் ஏன் பாதியில் நின்றது?

காந்தி வந்து இறங்கிய டர்பன் துறைமுகம், நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனியில் இருந்தது. அவர் போக வேண்டிய பிரிட்டோரியாவோ டிரான்ஸ்வாலின் தலைநகர். டிரான்ஸ்வால், டச்சு வழிவந்த போயர்கள் ஆண்ட தனிக் குடியரசு. அதிபர் பால் குரூகர். பிரிட்டிஷாரின் ரயில் தம் நாட்டுக்குள் நீளுவதில் குரூகருக்கு அவசரம் இல்லை. நேட்டால் ரயில் எல்லையோரத்துச் சார்லஸ்டவுன் வரைதான் வந்திருந்தது. அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை இன்றைய சாலைக் கணக்கில் 200 கிலோமீட்டருக்கு மேல். பட்டர்வொர்த்திலிருந்து தாப்பா வரை போகிற தூரம், கொஞ்சம் கூடவே இருக்கும். அந்த இடைவெளியைக் கோச்சு வண்டிதான் இட்டு நிரப்பியது. வழியில் ஸ்டாண்டர்டன் என்ற ஊரில் இரவுத் தங்கல்.

காந்தியை வரவழைத்தது தாதா அப்துல்லா நிறுவனம். போர்பந்தர் வணிகர்கள். உறவினர் ஒருவருடன் 40,000 பவுன் வழக்கு பிரிட்டோரியாவில் நடந்துகொண்டிருந்தது. ஓராண்டு வேலை, 105 பவுன் சம்பளம், போகவர முதல் வகுப்புக் கட்டணம் என்பது ஒப்பந்தம்.

டர்பனில் ரயில் ஏறும்போது படுக்கைக்கு 5 ஷில்லிங் தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளும்படி அப்துல்லா சேட் வற்புறுத்தினார். காந்தி கேட்கவில்லை. கொஞ்சம் பிடிவாதம், கொஞ்சம் கர்வம், 5 ஷில்லிங் மிச்சம் என்ற எண்ணமும் இருந்ததாகப் பின்னாளில் அவரே தன் வரலாற்று நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரவு 9 மணி சுமாருக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வெள்ளைக்காரப் பயணி ஒருவர் ஆட்சேபித்தார். சரக்குப் பெட்டிக்குப் போக மறுத்தவரைக் காவலர் வெளியே தள்ளினார். வழக்கமாக ஜூன் 7 என்று குறிக்கப்படும் இரவு அது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஜூன் என்றால் குளிர்காலம். மேலங்கி ரயில்வே ஊழியர்களிடம் மாட்டிக்கொண்ட பெட்டிக்குள் இருந்தது. கேட்டால் இன்னொரு முறை அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே நடுங்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மாலை அடுத்த ரயில். டர்பனில் வேண்டாம் என்ற படுக்கை டிக்கெட்டை இப்போது வாங்கிக்கொண்டார். இதுவரை நமக்குத் தெரிந்த கதை.

சாக்குத் துணி

சார்லஸ்டவுனில் கோச்சு முகவர், ஒரு நாள் தாமதமாகிவிட்டதால் டிக்கெட் செல்லாது என்றார். அது செல்லும் என்று காந்தி விதியைச் சொன்னார். அப்துல்லா சேட்டின் தந்தியும் முன்பே வந்திருந்தது. ஆள் புதியவர், ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துச் சொன்ன சாக்கு அது.

வண்டிக்குள்ளே வெள்ளைக்காரப் பயணிகள். அவர்களோடு ஒரு ‘கூலி’யை உட்கார வைக்கக் கூடாது என்பது ‘லீடர்’ எனப்பட்ட வண்டிப் பொறுப்பாளரின் முடிவு. வண்டியோட்டியின் இரு பக்கமும் வெளியே இரண்டு இருக்கைகள். அவற்றில் ஒன்று வழக்கமாக லீடருடையது. அன்று அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, தன் வெளி இருக்கையைக் காந்திக்குக் கொடுத்தார். அநியாயம் என்று தெரிந்தும் காந்தி ஏறிக்கொண்டார். சண்டை போட்டால் வண்டி போய்விடும், இன்னொரு நாள் வீண். இந்த இடத்தில் அவர் ஒன்றும் வீரம் காட்டவில்லை. நாளை வேலைக்குப் போக வேண்டிய எவரும் செய்யும் கணக்கைத்தான் செய்தார்.

பிற்பகல் 3 மணி வாக்கில் பார்டிகோப் வந்தது. லீடருக்குச் சுருட்டோ காற்றோ தேவைப்பட்டது. தன் வெளி இருக்கை திரும்ப வேண்டும். வண்டியோட்டியிடமிருந்து ஓர் அழுக்குச் சாக்கை வாங்கிக் கால்வைக்கும் பலகையில் விரித்தார். காந்தியைப் பார்த்துச் ‘சாமி’ என்று கூப்பிட்டு, அதில் போய் உட்காரச் சொன்னார்.

காந்தி மறுத்தார். உள்ளே உட்கார வேண்டிய தன்னை வெளியே வைத்ததைப் பொறுத்துக்கொண்டதாகவும், காலடியில் உட்கார முடியாது, உள்ளே போகத் தயார் என்றும் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை மேல் அறை விழுந்தது. கையைப் பிடித்துக் கீழே இழுத்தார் லீடர். காந்தி இருக்கையின் பித்தளைக் கம்பியைப் பற்றிக்கொண்டார். மணிக்கட்டு முறிந்தாலும் விடுவதில்லை என்று முடிவு. அடித்தவர் பலசாலி, அடிபட்டவர் ஒல்லி. கடைசியில் உள்ளேயிருந்த பயணிகளே, அவர் மேல் தப்பில்லை, விட்டுவிடு, இடமில்லை என்றால் எங்களோடு வந்து உட்காரட்டும் என்று குரல் கொடுத்தார்கள். அடி நின்றது. இருக்கை காந்தியிடமே இருந்தது.

அந்தச் சொல் யாருடையது?

போர்பந்தரில் பிறந்த குஜராத்திக்காரருக்குச் ‘சாமி’ என்ற பெயர் எப்படி வந்தது? நேட்டாலின் முதல் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல் ‘டுரூரோ’ 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. அது புறப்பட்டது சென்னையிலிருந்து. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கருமே. கரும்புத் தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் ராமசாமி, முனுசாமி, குப்புசாமி, சின்னசாமி என்று வரிசையாக வந்தன. முழுப் பெயரைச் சொல்லப் பொறுமையில்லாத வெள்ளைக்காரர்கள் வாலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நாளடைவில் இந்தியர் என்றாலே, குஜராத்திச் சேட்டு ஆனாலும் லண்டனில் படித்த வழக்கறிஞர் ஆனாலும், ‘சாமி’தான்.

இது ஆப்பிரிக்காவில் மட்டும் நடந்ததல்ல. ‘ராமசாமி’ என்ற பெயரைத் தென்னிந்தியர் அனைவருக்கும் பொதுப் பட்டமாக ஆங்கிலேயர் வழங்கியதை 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது.

வடமொழிச் ‘சுவாமி’ தமிழர் வாயில் ‘சாமி’ ஆனது. கடவுளும் சாமிதான். பேரப்பிள்ளையைப் பாட்டி கொஞ்சுவதும் ‘என் சாமி’ என்றுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராமத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நிலக்கிழாரின் முன் கைகட்டிச் சொன்ன சொல்லும் ‘சாமி’யே. அங்கே கும்பிட்டுச் சொன்ன அதே சொல், கடல் தாண்டியதும் சொன்னவன் முகத்திலேயே வசையாக வந்து விழுந்தது. நேட்டால் இந்தியர் சிலர் இதற்கு நல்ல பதிலடி வைத்திருந்தார்கள். சாமி என்றால் எஜமானன் என்று பொருள், நான் உங்கள் எஜமானன் இல்லையே என்பார்களாம். சில வெள்ளையர் நெளிவார்கள், சிலர் இன்னும் அதிகமாகக் கோபப்படுவார்கள் என்று காந்தி எழுதுகிறார்.

‘கூலி’யின் கதையும் இதுவே. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் குஜராத்தின் கோலி இனப் பெயரா, தமிழ்க் ‘கூலி’யா என்று அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. தமிழில் அது இழிசொல் அன்று. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்திலேயே அந்தச் சொல் உழைப்பின் பயன் என்ற பொருளில் இடம்பெற்றிருக்கிறது. உழைப்புக்கு வாங்கும் ஊதியத்தை உழைப்பவனுக்கே பெயராக்கி, பிறகு அதையே திட்டாக்கியது காலனி ஆட்சி.

ஜார்ஜ்டவுன்வாசிகளுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் ‘கெலிங்’ என்பது மதிப்புக்குரிய அடையாளம். தென்னிந்தியச் சமூகத்தின் தலைவருக்குரிய பட்டம். பள்ளிவாசலை ஒட்டிய சாலைக்கும் அதே பெயர். அந்தச் சாலையில் நடந்துபோகிற ஒருவரை யாராவது அதே சொல்லால் கூப்பிட்டால் கைகலப்புதான். சொல் மாறவில்லை, சொல்கிற வாய்தான் மாறியது.

காந்தி கோச்சில் அடிபட்ட அதே ஆண்டுகளில், பினாங்குக்கு எதிர்க்கரையில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் தமிழர்கள் ஒப்பந்தத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பின்னால் வந்தது; முதலில் இங்கும் கரும்புதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ குடும்பங்களில் ஒரு கிளை பினாங்கில் இறங்க, இன்னொரு கிளை டர்பனில் இறங்கியிருக்கக்கூடும். இங்கே ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1911இல் நிறுத்தியது. முறைதான் ஒழிந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கோச்சின் கால்பலகையும் அந்தச் சைக்கிளும் ஒரே விதியின் இரு முகங்கள்.

கோட்டும் டையும்

ஸ்டாண்டர்டன் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்கிறேன் பார் என்று லீடர் வழி நெடுக மிரட்டிக்கொண்டே வந்தார். உயிரோடு போய்ச் சேர்வோமா என்று காந்திக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இருட்டிய பிறகு வண்டி நின்றபோது, தந்தி கிடைத்து ஈசா சேட்டின் ஆட்கள் காத்திருந்தார்கள். இந்திய முகங்களைக் கண்ட பிறகே அவருக்கு மூச்சு வந்தது. அன்றிரவே கோச்சு நிறுவன முகவருக்கு நடந்ததைக் கடிதமாக எழுதினார். நாளைய வண்டி பெரியது, ஆள் வேறு, உள்ளேயே இடம் தரப்படும் என்று பதில் வந்தது. அடித்தவர் மேல் வழக்குப் போடவில்லை. மறுநாள் இரவு ஜோகன்னஸ்பர்க்.

அங்கே ஓட்டலில் இடமில்லை என்றார்கள். டிரான்ஸ்வால் ரயிலில் இந்தியருக்கு மூன்றாம் வகுப்புதான் என்றார்கள். காந்தி நிலைய அதிகாரிக்குக் கடிதம் எழுதிவிட்டு, நீளக் கோட்டும் டையும் அணிந்து நேரில் போய் நின்றார். அந்த அதிகாரி தாம் டிரான்ஸ்வால்காரர் அல்ல, ஹாலந்துக்காரர் என்று சொல்லி முதல் வகுப்பு டிக்கெட்டைக் கொடுத்தார். இதில் வியப்பில்லை, டிரான்ஸ்வால் ரயிலை நடத்தியது ஒரு டச்சு நிறுவனம், ஊழியர்கள் பலர் ஹாலந்திலிருந்து வந்தவர்கள். வழியில் டிக்கெட் பரிசோதகர் மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னபோது, உடனிருந்த ஆங்கிலேயப் பயணி தடுத்தார்.

பிரிட்டோரியாவில் குடியேறியதும் காந்தி ரயில்வேக்கு மனுப்போட்டார். தக்க உடையணிந்த இந்தியருக்கு உயர் வகுப்பு டிக்கெட் தரப்படும் என்று பதில் வந்தது. எது தக்க உடை என்பதை நிலைய அதிகாரி முடிவு செய்வார்.

ஆக, இந்தப் பயணம் முழுவதும் காந்தியைக் காப்பாற்றியவை எவை? ஆங்கிலம், கோட்டு, கடிதம், தந்தி, ஊருக்கு ஊர் சேட்டுகள். கோச்சில் அவருக்குக் கிடைத்த பெயர் தமிழ்த் தொழிலாளியுடையது. ஆனால் அந்தத் தொழிலாளியிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவன் முகவருக்குக் கடிதம் எழுத முடியாது. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே போனாலே குற்றம். வேலைக்கு வராவிட்டால் சிறை.

அந்தத் தொழிலாளி 1894இல் காந்தியின் டர்பன் அலுவலகத்துக்கே வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். கிழிந்த உடை, உடைந்த இரண்டு முன்பற்கள், வாயில் ரத்தம். முதலாளி அடித்திருந்தார். காந்தியின் தமிழ் எழுத்தர் மொழிபெயர்த்துச் சொன்னார். காந்தியின் கண்ணில் பட்டது இன்னொன்று: தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் பாலசுந்தரம். வெள்ளையர் முன் தலைத்துணியை எடுத்துவிட வேண்டும் என்ற பழக்கத்தில், காந்தி முன்பும் அப்படியே நின்றார். டர்பன் வந்த சில நாள்களிலேயே நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னதற்கு மறுத்து வெளியேறியவர் காந்தி. அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். மருத்துவச் சான்று, நீதிபதி, அழைப்பாணை என்று நடந்து, பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டது. முதலாளியைத் தண்டிப்பதைவிட அவரை விடுவிப்பதே காந்தியின் நோக்கமாக இருந்தது. செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. பிறகு தமிழ்த் தொழிலாளர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1896இல் இந்தியாவுக்குத் திரும்பும் கப்பலில், கப்பல் மருத்துவர் பரிந்துரைத்த பாடநூலை வைத்துக்கொண்டு அவர் தமிழ் படிக்க ஆரம்பித்தார்.

இருபது ஆண்டுக்குப் பின் அதே வழி

1913 நவம்பர் 6. அதே சார்லஸ்டவுன். இந்த முறை கோச்சு இல்லை, ரயில் டிக்கெட்டும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் விதிக்கப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், தடையை மீறி டிரான்ஸ்வால் எல்லையைக் கால்நடையாகக் கடந்தார்கள். காந்தியின் கணக்குப்படி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். சுரங்கத்துக்குப் போய் அவர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியவர்கள், ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் குடும்பத்துப் பெண்களும் அவர்களில் உண்டு. இந்தப் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை.

வழியில் காந்தி மூன்று முறை கைது செய்யப்பட்டார். இரண்டாவது கைது ஸ்டாண்டர்டனில். 1893இல் கன்னம் வீங்க வந்து இறங்கிய அதே ஊரில். நடந்து வந்தவர்களுக்கு உணவு பங்கிட்டுக்கொண்டிருந்தபோது நீதிபதியே வந்து கைது செய்தார். அந்த ஆண்டு டிசம்பரில் டர்பன் கூட்டத்தில் காந்தி மேடையேறியபோது கோட்டும் டையும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் உடையில், மொட்டைத் தலையோடு வந்தார். நிலைய அதிகாரியின் கணக்கில் அது தக்க உடை அல்ல. 3 பவுன் வரி 1914இல் நீக்கப்பட்டது.

கோச்சில் இன்னொருவர்

அந்தக் கோச்சுச் சம்பவத்தில் ஒரு வரியில் வந்து போகிறவர் ஒருவர் உண்டு. வண்டியோட்டியின் மறுபக்க இருக்கையில் கொய்கொய் இனத்து ஆப்பிரிக்கப் பணியாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காந்தியை எழுப்ப முடியாத லீடர், அவரைக் கால்பலகைக்கு இறக்கிவிட்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தார். காந்தி இதைக் குறித்திருக்கிறார். அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஆப்பிரிக்கர்களைப் பற்றி இளவயதுக் காந்தி எழுதியவை இன்றும் விவாதத்துக்குரியவை. கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் திறக்கப்பட்ட அவரது சிலை, ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால் 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. மறுபக்கம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் கௌரவக் குடியுரிமையை 1997இல் நெல்சன் மண்டேலா அவருக்கு வழங்கினார். இரண்டையும் செய்தவர்கள் ஆப்பிரிக்கர்களே.

நம் பக்கத்துக் கதையும் சுத்தமில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகளில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் நின்றுகொண்டு போகிறார்கள். எந்த நாட்டவராக இருந்தாலும் ‘பங்களா’ என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

பாலசுந்தரத்தின் பெயர் நமக்குத் தெரியும். வள்ளியம்மையின் பெயர் தெரியும். பார்டிகோப்பிலிருந்து இருட்டும் வரை, ஸ்டாண்டர்டன் போய்ச் சேரும் வரை, அந்த அழுக்குச் சாக்கின் மேல் உட்கார்ந்து போன ஆப்பிரிக்கப் பணியாளின் பெயரை மட்டும் காந்தியின் நூலும் சொல்லவில்லை.